கொல்லைப்புறத்துக்கு வைஃபை எட்டவில்லை, என்ன செய்யலாம்?

கொல்லைக்காரன் | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீடு. அகலம் 22 அடிதான். நீளமோ வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை 110 அடி. அதற்குப் பின்னால் இன்னும் 90 அடி கொல்லை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையலறை, பின்தாழ்வாரம், கிணற்றடி, கடைசியில் மாட்டுக்கொட்டகை என்று ரயில் பெட்டிகளைப் போல வரிசையாகப் போகும். இணைய இணைப்பு கொடுக்க ஆள் வந்தபோது நான் ஊரில் இல்லை. அவருக்கு எது சுலபமோ அங்கே, ரேழியில், பீரோவை ஒட்டி ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தேவை மூன்று. வீட்டிலிருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் கூடத்தில் தொலைக்காட்சி அலறும், அத்தை வந்துவிடுவார், குக்கர் கூவும். மாமரத்தடியில் மடிக்கணினியுடன் உட்கார்ந்தால் நிம்மதி. அப்பா சாயங்காலம் கிணற்றடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் கச்சேரி கேட்பார். ஆலாபனை பாதியில் நின்றுபோகும். பழி என் மேல் விழும். மூன்றாவதுதான் அவசரம்: பசு நிறைமாதம். கொட்டகையில் ஒரு கேமரா வைத்துவிட்டால் ராத்திரி நாலு தடவை டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

எடுத்திருப்பது 100 மெகாபிட் திட்டம். ரேழியில் 94 வருகிறது, சமையலறையில் 20, தாழ்வாரத்தில் 3, கிணற்றடியில் சுழி. 1,800 ரூபாய் கொடுத்து ஒரு ரிப்பீட்டர் வாங்கித் தாழ்வாரத்தில் செருகினேன். இப்போது கிணற்றடியில் நாலு கோடும் முழுசாகத் தெரிகின்றன. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. எங்கே தவறினேன்?

நெட்டிலிங்கம் | வெள்ளி, இரவு 10.15

வற்றிய கிணற்றில் மோட்டார் இறக்கியிருக்கிறீர்கள். குழாய் புதிதுதான், ஆனால் காற்றுதான் வரும்.

நீங்கள் பார்க்கும் நாலு கோடும் கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள உறவைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்கும் ரேழி ரவுட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று அவை சொல்லாது. அங்கே 3 மெகாபிட்தான் கிடைக்கிறது. அதைத்தான் அது மறுபடி ஓதுகிறது. போதாததற்கு, விலை குறைந்த ரிப்பீட்டரில் ஒரே ரேடியோதான் இருக்கும். கேட்டதையெல்லாம் அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும். 3 என்பது ஒன்றரை.

ரிப்பீட்டரை வைப்பதானால் சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். முதலில் அளந்து பாருங்கள். கைப்பேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு நடை நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அது காட்டும் மைனஸ் எண்ணைக் குறித்து வாருங்கள். அது டெசிபல் கணக்கு, சுழியை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். கோடுகளை நம்பாதீர்கள். பீரோவை விட்டு ரவுட்டரை நகர்த்துங்கள். அது ஆளுயர இரும்புச் சுவர்.

அவசரக்குடுக்கை | வெள்ளி, இரவு 10.22

எதற்கு இத்தனை சுற்று? சிம் போடும் ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

கொல்லைக்காரன் | சனி, காலை 7.05

அவசரக்குடுக்கை, எங்கள் தெருவில் கைப்பேசிக் கோபுரத்தின் சிக்னலே ஒரு கோடுதான். வீட்டுக்குள் பேசுவதே வைஃபை வழியாகத்தான்.

நெட்டிலிங்கம் ஐயா, அளந்துவிட்டேன். ரேழியில் மைனஸ் 38. கூடத்தில் மைனஸ் 59. சமையலறையில் மைனஸ் 71. தாழ்வாரத்தில் மைனஸ் 84. கிணற்றடியில் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை. பிறகு பீரோவிலிருந்து ஆறடி தள்ளி, ஆளுயரத்துக்கு மேலே ரவுட்டரை மாற்றினேன். சமையலறை மைனஸ் 64 ஆகிவிட்டது! காசு செலவில்லாமல் கிடைத்த லாபம். தாழ்வாரத்தில் மட்டும் பெரிய மாற்றமில்லை, மைனஸ் 80.

நெட்டிலிங்கம் | சனி, காலை 8.30

அந்த எண்களைப் படிக்கும் முறை இது. 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. சமையலறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே 16 குறைகிறது என்றால் நாற்பதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அது ஏறக்குறைய 20 அடி தூரத்துக்குள்! திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால்கூட 6 டெசிபல்தான் போகும். நடுவே என்ன இருக்கிறது? சுவர் எத்தனை அங்குலம்?

கொல்லைக்காரன் | சனி, காலை 8.52

18 அங்குலம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல். சமையலறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே அப்படி ஒரு சுவர், அதை ஒட்டி அரிசிப் பானைகள் அடுக்கிய பரண், குளிர்சாதனப் பெட்டி. வீடு முழுக்க எண்ணினால் ரவுட்டரிலிருந்து கொல்லை வரை ஆறு சுவர்கள்.

அவசரக்குடுக்கை | சனி, காலை 9.10

சரி, சிம் வேண்டாம். மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனா வைத்தால் தெருவே பயன்படுத்தலாம். என் மைத்துனர் வைத்திருக்கிறார். 12 டெசிபல் ஆதாயம் உள்ளது, ஆளுயரக் குச்சி.

நெட்டிலிங்கம் | சனி, காலை 9.41

உங்கள் மைத்துனர் வீட்டில் எல்லோரும் அந்த ஆன்டெனா உயரத்திலேயே குடியிருக்கிறார்களா?

எல்லாத் திசையிலும் பரப்பும் ஆன்டெனா அலையைப் பந்துபோல வீசாது, வடைபோல வீசும். ஓட்டையில் குச்சி நிற்கிறது, மாவு சுற்றிலும் பரவுகிறது. ஆதாயம் கூடக்கூட வடை தட்டையாகிக்கொண்டே போகும். எட்டத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கிடைக்கும். நேர் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர் ஓட்டைக்குள் இருப்பார்.

சிலர் ஆன்டெனாவை விட்டுவிட்டு ரவுட்டரின் சக்தியை மட்டும் கூட்டப் பார்ப்பார்கள். அதிலும் கோளாறு உண்டு. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல், ஆன்டெனா ஆதாயத்தையும் சேர்த்து 4 வாட் வரை வீசலாம் என்று 2005-லேயே அனுமதித்துவிட்டார்கள். ஆனால் கைப்பேசி பதில் பேச வேண்டாமா? அதன் சக்தி பொதுவாக 100 மில்லிவாட்டுக்கும் கீழே. ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். அவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்காது. அந்த வகையில் ஆன்டெனா மேல். அது வாய் மட்டுமல்ல, காதும்தான்.

தோப்புக்காரன் | சனி, காலை 11.20

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். யார் என்ன சொன்னாலும் வெளியில் கம்பி இழுக்குமுன் என் கதையைக் கேளுங்கள். வீட்டிலிருந்து தோப்பு மோட்டார் அறைக்கு 70 மீட்டர். தென்னை மரங்களில் கட்டி ஈத்தர்நெட் கேபிளை இழுத்தேன். ஓராண்டு ராஜா மாதிரி ஓடியது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி. வீட்டில் விழவில்லை, தோப்பிலும் விழவில்லை, பக்கத்துக் காட்டில் ஒரு பனைமரத்தில் விழுந்தது. எனக்கு ரவுட்டர் போயிற்று, அதோடு இணைந்திருந்த தொலைக்காட்சிப் பெட்டி போயிற்று, மோட்டார் அறை கேமராவும் போயிற்று. ரவுட்டரைத் திறந்து பார்த்தால் கேபிள் செருகும் இடத்தைச் சுற்றி மைபூசியது போல் கருகியிருந்தது.

ஓய்வுபெற்ற லைன்மேன் | சனி, மதியம் 1.15

தோப்புக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. 31 ஆண்டுகள் தொலைபேசிக் கம்பியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். இடி கம்பியின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செப்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். அதிலும் கம்பியின் இரு முனைகளும் இரண்டு கட்டடங்களில், தனித்தனி எர்த்தோடு இருந்தால் வேறு வினையே வேண்டாம்.

தம்பி கொல்லைக்காரன், உங்கள் வீட்டு வாசல் வரை வருவது கண்ணாடி இழை. அதே இழையைக் கொட்டகைக்கும் கொண்டுபோகலாம். இந்த முனையில் ஒளியையும் மின்சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று, அந்த முனையில் ஒன்று. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. தொங்கவிடும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஒன்று சேர்ந்து வரும். அதை வெளிச்சுவரோடு வெட்டி நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. புதைப்பதானால் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள், இல்லாவிட்டால் பெருச்சாளிக்கு விருந்து. மின்சார ஒயர் போகும் குழாயில் சேர்த்து விடாதீர்கள். இல்லாவிட்டால் பெருச்சாளிக்கு விருந்து.

அவசரக்குடுக்கை | சனி, மதியம் 1.32

மின்சார ஒயர் என்றதும் நினைவு வந்தது. வீட்டு ஒயரிங் வழியாகவே இணையம் அனுப்பும் அடாப்டர் உண்டே? இங்கே ஒன்று, அங்கே ஒன்று. குழி தோண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற லைன்மேன் | சனி, மதியம் 2.05

கிணற்று மோட்டார் இருக்கும் வீடு, மூன்று ஃபேஸ் இணைப்பாக இருக்கும். ரேழி ஒரு ஃபேஸிலும் கொட்டகை வேறொரு ஃபேஸிலும் இருந்தால் அந்த அடாப்டர்கள் ஒன்றையொன்று சரியாகக் கண்டுகொள்ளாது. கண்டுகொண்டாலும் மோட்டார் ஓடும்போது இரைச்சல். மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை.

வளவுக்காரி | சனி, மாலை 5.48

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையதும் பெரிய வளவு. வீடு முன்னே, தம்பியின் சிறு வீடு பின்னே. நடுவே 60 மீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு ஆன்டெனாத் தட்டுகளைப் பூட்டினோம். கோடை முழுதும் ஒரு குறையும் இல்லை. மாரி தொடங்கியதும் மாலை மழையோடு இணைப்பும் போய்விடும். பழுது பார்க்க வந்தவர் தட்டுகளைத் திருகிப் பார்த்தார், பணம் வாங்கினார், போனார். ஒரு நாள் கூரையில் ஏறி நானே பார்த்தேன். வேலியோரத்து முருங்கை வளர்ந்து நடுவே கிளை நீட்டியிருந்தது. கண்ணுக்கு அப்புறம் தெரிகிறது, ஆனாலும் இலை நனைந்தால் தண்ணீர்த் திரைதான். நேர்கோடு மட்டும் வெறுமையாக இருந்தால் போதாது. அந்தத் தூரத்துக்கு நடுப்பகுதியில் சுற்றிலும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வெளி வேண்டும் என்று பிறகு படித்தேன். கிளையை வெட்டினோம், குழம்பும் வைத்தோம். அன்றிலிருந்து மழையிலும் ஓடுகிறது.

ஆனால் கொல்லைக்காரரிடம் ஒரு கேள்வி. எல்லோரும் கொட்டகைக்கு எப்படிப் போவது என்றே பேசுகிறோம். தாழ்வாரத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே எத்தனை சுவர்?

கொல்லைக்காரன் | சனி, மாலை 6.10

ஒன்றுமில்லை. மாமரம் ஒரு பக்கமாக இருக்கிறது. கொட்டகைக்கு இடுப்புயரச் சுவர்தான், மேலே நாட்டு ஓடு.

வளவுக்காரி | சனி, மாலை 6.31

அப்படியென்றால் கொட்டகைக்கு நீங்கள் எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. உங்கள் இடைஞ்சல் 90 அடி கொல்லையால் அல்ல, அந்த ஆறு சுவர்களால். கேபிளை வீட்டுக்குள்ளேயே தாழ்வாரம் வரை இழுங்கள். பின்சுவரின் வெளிப்புறத்தில், கூரையின் சாய்ப்புக்குக் கீழே, கொல்லையைப் பார்த்தபடி ஓர் ஆக்சஸ் பாயிண்டை, அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியை, மாட்டுங்கள். அங்கிருந்து கொட்டகை வரை வெறும் காற்று. கம்பி இரண்டாவது கட்டடத்துக்குப் போகாததால் லைன்மேன் ஐயாவின் கவலையும் பெரும்பாலும் தீரும்.

ஓய்வுபெற்ற லைன்மேன் | சனி, இரவு 7.20

இந்த அம்மா சொல்வதுதான் சரி. நான் கொட்டகையிலேயே நின்றுவிட்டேன். கம்பி இழுத்தே பழகிய கை, தூணைப் பார்த்தால் இழுக்கச் சொல்லும்.

இரண்டு சேர்த்துக்கொள்கிறேன். ஆக்சஸ் பாயிண்டுக்குத் தனி பிளக் வைக்காமல், ஈத்தர்நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் வகையாக வாங்குங்கள். அந்த மின்சாரப் பெட்டி ரேழியில், இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். மின்வெட்டிலும் கொல்லை உயிரோடு இருக்கும். வாங்கும்போது பெட்டியும் கருவியும் ஒரே இனமா என்று பாருங்கள். சில கருவிகள் 24 வோல்ட்டை அப்படியே கேட்கும். தர முறைப்படி வரும் பெட்டிகள் 48 வோல்ட்டை ஒட்டி, கருவியைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கொடுக்கும். மாற்றிப் பொருத்தினால் கருவி எழாது, சில சமயம் கெட்டும் போகும். இரண்டாவது, இடி இடிக்கும் நாளில் எதையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நெட்டிலிங்கம் | சனி, இரவு 8.02

சுவரில் துளை போடுமுன் ஒரு நாள் வெள்ளோட்டம் பாருங்கள். பரணில் பழைய ரவுட்டர் ஏதாவது கிடக்குமே? அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், ரேழி ரவுட்டர் அதே வரிசையில் 192.168.1.1 ஆக இருந்தால். முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையை அதில் நிறுத்துங்கள். வீட்டுக்கு ஒரு தபால்காரர் போதும், இரண்டு பேர் இருந்தால் கடிதம் தொலையும். கேபிளை அதன் வேன் (வெளி இணையத்துக்கான) துளையில் செருகாமல் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். அவ்வளவுதான், அது ஆக்சஸ் பாயிண்ட் ஆகிவிட்டது. கேபிளைத் தரையிலேயே போட்டு, தாழ்வாரத்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள். ரேழி 2.4 கிகாஹெர்ட்ஸில் 1-ஆம் சேனலில் இருந்தால் இது 11-இல் இருக்கட்டும்.

கொல்லைக்காரன் | ஞாயிறு, மாலை 6.45

வெள்ளோட்டம் முடிந்தது. அத்தை கேபிளில் தடுக்கி, "இதென்ன வீடு முழுக்கப் பாம்பு?" என்று கேட்டது தவிரச் சேதமில்லை. மூன்று வருடமாகப் பரணில் கிடந்த ரவுட்டர், ஜன்னல் விளிம்பில். கிணற்றடியில் மைனஸ் 61. கொட்டகைக்குள் மைனஸ் 70. கிணற்றடியில் 48 மெகாபிட்! வளவுக்காரி அக்காவுக்கு ஒரு பெரிய கும்பிடு. நிரந்தரமாக மாட்ட வெளியில் வைக்கும் வகையைச் சொல்லிவிட்டேன். மழையும் தூசும் தாங்கும் ஐ.பி. 65.

கொல்லைக்காரன் | அடுத்த சனி, இரவு 10.30

ஒரு சிக்கல். எல்லாவற்றையும் மாட்டினேன். 45 மீட்டர் கேபிள், முற்றத்து உத்தரத்தை ஒட்டிக் கிளிப் அடித்து, கண்ணில் படாமல். பகலில் பிரமாதம். ஆனால் நாங்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஆக்சஸ் பாயிண்ட் அணைந்து மறுபடி எழுகிறது. ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை. கருவி கெட்டதா?

ஓய்வுபெற்ற லைன்மேன் | அடுத்த சனி, இரவு 10.48

கேபிளில் மிஞ்சிய துண்டு இருந்தால் எடுங்கள். ஒரு கம்பியின் மேல்தோலை உரித்து, பிளேடால் செப்பைச் சுரண்டுங்கள். உள்ளே என்ன நிறம்?

கொல்லைக்காரன் | அடுத்த சனி, இரவு 11.03

வெள்ளை! அலுமினியம் மாதிரி பளபளப்பாக இருக்கிறது. செம்பு வெறும் பூச்சுதான். மேலே பெரிய எழுத்தில் கேட்-6 என்று அச்சிட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற லைன்மேன் | அடுத்த சனி, இரவு 11.15

அதுதான் குற்றவாளி. செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பைவிட மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். தரவு எப்படியோ போய்விடும். மின்சாரம் போகும்போது வழியிலேயே அழுத்தம் இறங்கிவிடும். வேலை கூடும்போது கருவி கேட்கும் சக்தி கிடைக்காமல் சுருண்டு விழுகிறது. நாளாக ஆக முனைகளில் முறியவும் செய்யும். முழுச் செம்புக் கேபிள் கையில் எடுத்தாலே கனமாக இருக்கும். கடையில் கேட்கும்போது "சுத்தச் செம்பு" என்று சொல்லிக் கேளுங்கள். அங்கேயே பிளேடால் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

வெளிச்சுவரில் கேபிள் வரும் துளையை வெளிப்பக்கம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டீர்களா? கருவியில் செருகுமுன் கேபிளைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் கேபிளோடு வழிந்து வந்தால் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. மூடியின் அடியில் சிறு ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். வியர்க்கும் நீர் வெளியேற வைத்தது அது.

கொல்லைக்காரன் | செவ்வாய், இரவு 9.20

கேபிளை மாற்றினேன். பழைய கடையில் பணம் திரும்பவில்லை. "ஊரே இதைத்தான் வாங்குகிறது" என்றார். புதியது கனம்தான், தூக்கிவந்த கை வலித்தது. இரண்டு நாளாக ஒரு தடவைகூட அணையவில்லை. கிணற்றடி மைனஸ் 54, கொட்டகை மைனஸ் 63.

ஒரே குறை, அப்பா ரேழியிலிருந்து நடந்து வரும்போது கைப்பேசி பழைய ரவுட்டரையே பிடித்துத் தொங்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்தான் வைத்திருக்கிறேன்.

நெட்டிலிங்கம் | செவ்வாய், இரவு 9.44

எங்கே மாறுவது என்பதைக் கைப்பேசிதான் முடிவு செய்கிறது, ரவுட்டர் அல்ல. ரேழியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியை ஒரு படி குறையுங்கள். சமையலறை தாண்டுவதற்குள் அது கைவிடும், கைப்பேசி புதியதைத் தேடும். அதற்கும் மசியாவிட்டால் கொல்லைக்கு மட்டும் வேறு பெயர் வைத்து அப்பா கைப்பேசியில் அதை மட்டும் சேமித்துவிடுங்கள். அவர் கேட்பதெல்லாம் கிணற்றடியில்தானே?

கொல்லைக்காரன் | வெள்ளி, காலை 6.10

சக்தியைக் குறைத்ததிலேயே சரியாகிவிட்டது. நேற்று வர்ணம் முதல் மங்களம் வரை ஒரு தடங்கலும் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை; அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

இன்னொரு செய்தி. ராத்திரி 2.50-க்குக் கைப்பேசி சத்தம் கொடுத்தது. கேமராவைத் திறந்தால் திரை முழுக்கக் கருநீலமாக, சொரசொரப்பாக ஏதோ அசைகிறது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை அணைத்து எழுப்பினேன். பிறகுதான் புரிந்தது, அது மாட்டின் நாக்கு. கேமராவை எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால் கன்று பாதி வெளியே வந்துவிட்டது. 3.15-க்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சீம்பாலை இங்கே எல்லோருக்கும் அனுப்ப வழியில்லை.

ஓய்வுபெற்ற லைன்மேன் | வெள்ளி, காலை 6.25

காளையா, கிடேரியா?

கொல்லைக்காரன் | வெள்ளி, காலை 6.31

கிடேரி, ஐயா. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கேமராவை இப்போதுதான் இரண்டடி ஏற்றி மாட்டிவிட்டு வந்தேன்.